"ம்ம், அப்புறம்?"

மரக்காணம் உப்பளத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும், குனிந்து உப்பு வாரிக்கொண்டேதான் பேச்சு. பாதிப் பேச்சைக் கடல்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஒன்றைச் சொல்லி நிறுத்துவோம். எதிர் வரப்பிலிருந்து "ம்ம், அப்புறம்?" என்று குரல் வந்தால்தான் அடுத்தது. வராவிட்டால் காற்று கொண்டுபோய்விட்டது என்று அர்த்தம். சொன்னதையே திரும்பச் சொல்வோம்.

இந்தப் பழக்கத்தோடுதான் எங்கள் கிராம சபையில் முதன்முதலாக மைக் பிடிக்கப் போனேன். கேட்க வேண்டியது அளத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். குழாய்க்கு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். போன சபையில் எங்களில் ஒருத்தி கேட்டபோது ஊராட்சித் தலைவர் "பாக்கலாம்மா" என்றதோடு சரி. இந்த முறை தீர்மானமாக எழுத வைக்காவிட்டால் கோடை முழுக்க இதே நடைதான்.

போனில் பெரிய பெரிய பேச்சுகளைக் கேட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி மனப்பாடம் செய்திருந்தேன். பக்கத்துப் பாத்தி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, தண்ணி கேக்கப் போறியா, ஓட்டு கேக்கப் போறியா?" என்றாள்.

மைக் கைக்கு வந்ததும் பெரியோர்களையும் காணோம், தாய்மார்களையும் காணோம். எல்லாம் மறந்துபோய், "தண்ணி இல்லீங்க" என்று அளத்தில் கத்துகிற மாதிரியே கத்தினேன். ஸ்பீக்கர் கீச்சிட்டது. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது. நான் பழக்கதோஷத்தில் பதிலுக்காக நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அதனால் மறுபடியும், "தண்ணி இல்லீங்க."

"ஏம்மா, எங்களுக்குக் காது நல்லாவே கேக்குது" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல்: "ம்ம், அப்புறம்?"

எனக்கு உயிர் வந்தது. குரலைத் தணித்து, அவளுக்கு மட்டும் சொல்கிற மாதிரி சொன்னேன்.

"கொண்டுபோற பாட்டில் பதினோரு மணிக்கே காலி."

"ம்ம்." இப்போது நாலைந்து குரல்கள்.

"மிச்சம் இருந்தாலும் டீத்தூள் போட வேண்டியதுதான், அவ்ளோ சூடு."

"சக்கரைய நான் கொண்டாறேன்" என்றார் ஒருவர்.

"ரோட்டுக்குப் போயி குடிச்சிட்டு வந்தா, குடிச்சது வழியிலேயே வேர்வையா போயிடுது."

"அப்புறம்?" கூட்டமே கேட்டது.

இன்று எத்தனையோ கூட்டங்களில் பேசியாயிற்று. எப்படிப் பேசுவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வதெல்லாம் அன்று கிடைத்ததுதான். கடைசி வரிசையில் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சொல்லுங்கள், அது போய்ச் சேர்ந்ததா என்று நின்று பாருங்கள். அவர்கள் வாயில் ஒரு "ம்ம்" வருவதற்கு இடம் விடுங்கள். நாம் மூச்சு விடாமல் பேசினால் அவர்கள் எப்போதுதான் நம்மோடு சேர்வது?

அன்றைக்குத் தலைவர் செயலரைப் பார்த்து, "தொட்டி வைக்கிறதுன்னு தீர்மானம் எழுதுங்க" என்றார். பிறகு எங்களிடம், "சரி, எந்த எடத்துல வைக்கிறது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். "கெழக்கால வைங்க" என்றது ஒரு குரல். "அங்க தண்ணி லாரி எப்பிடிப் போவும், உங்க மாமனாரா தூக்கினு வருவாரு?" என்றது இன்னொன்று. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு நானும் இறங்கிச் சண்டையில் சேர்ந்துகொண்டேன். தொட்டி எங்கள் பாத்திப் பக்கம் வர வேண்டாமா?