மூன்றாவது டிரம்மின் கதவு

இதைக் கதையென்று நினைத்துப் படிப்பவர்கள் படிக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் அங்கே நின்றிருந்தேன். என் இரண்டு கைகளும் அந்தக் கதவின் மேல் இருந்தன.

என் பெயர் சோபனா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அதே கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கும் தானிஷுக்கு சினிமாப் பைத்தியம். குறும்படப் போட்டி ஒன்றுக்குப் பேய்ப் படம் எடுக்கலாம் என்று போன வருடம் ஆரம்பித்தான். கதை எழுதியது நான். நடிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. என் லைனில் தைக்கும் மெர்சியைக் கேட்டேன். பத்தொன்பது வயது. அதிர்ந்து பேசாத பெண்.

“எனக்கு வராதுக்கா” என்றாள்.

“அதெல்லாம் வரும். நான் இருக்கேன் இல்ல?” என்றேன்.

தலையாட்டினாள். சூப்பர்வைசர் கேட்டால் அவள் எப்படி மறுப்பாள்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இடத்தையும் தானிஷே பிடித்தான். பாலாற்றங்கரையில் மூடிக் கிடக்கும் ஒரு டேனரி. பச்சைத் தோலைப் பதப்படுத்திய இடம். மூடி ஒன்பது வருடம். சாவி வைத்திருந்த வக்கார் அகமது பாய் அங்கே மேஸ்திரியாக இருந்தவர். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“முன்னாடி ஹாலோட நிறுத்திக்கோங்க. டிரம்மு இருக்கற பக்கம் போவாதீங்க.”

வெளியே வந்ததும் தானிஷ் சிரித்தான். “பாத்தியா? எல்லாப் பேய்ப் படத்துலயும் ஒரு பெரியவர் வந்து இதே டயலாக்க சொல்லுவாரு. யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா படம் ஏது?”

பேய்ப் படத்துக்கு என்னென்ன வேண்டும் என்று வழி நெடுக எங்களுக்கு வகுப்பெடுத்தான். கதவு தானாகச் சாத்த வேண்டும். போனில் டவர் இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் தப்பித்துவிடுவார்கள், அதனால் ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டும்.

“ஆனா முக்கியமான ரூல் ஒண்ணு இருக்கு. மொதல்ல பயப்படுறவளை யாரும் நம்பக் கூடாது. ஜனங்க சீட்டு நுனிக்கு வர்றதே அங்கதான்.”

நானும் சிரித்தேன். மெர்சி சிரிக்கவில்லை. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள். பைபிளைக் கைப்பையில் வைத்து ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல வெயில். போனில் டவர் முழுதாக இருந்தது. மதில் மேல் ஓர் ஆடு நின்றுகொண்டு எங்களையே பார்த்தது. சினிமாவில் வருகிற எதுவும் அங்கே இல்லை. அதனால்தானோ என்னவோ, பின்பக்கம் போக எங்களுக்குப் பயமே வரவில்லை.

டிரம் என்றால் தோலைச் சுண்ணாம்பிலும் மருந்திலும் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர உருளை. உள்ளே ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். வளைந்த பக்கத்தில், குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. அப்படி நான்கு டிரம் வரிசையாக நின்றன. அவற்றில் மூன்று டிரம்களின் கதவுகள் கீல் துருப்பிடித்து இறுகிவிட்டன. அசைக்கவே முடியவில்லை.

மூன்றாவது மட்டும் தொட்டதும் திறந்தது.

காட்சி இதுதான். மெர்சி பயந்து ஓடி வந்து டிரம்முக்குள் ஒளிந்துகொள்வாள். பேய் பிடித்த தோழி ரேகா வந்து கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ரேகா நான்தான்.

மெர்சி தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். உடனே வெளியே எடுத்துவிட்டாள்.

“அக்கா... உள்ள ஈரமா இருக்கு.”

“ஒம்போது வருஷமா மூடிக் கெடக்குது. ஈரம் எங்கேர்ந்து வரும்?”

“தொட்டுப் பாருங்கக்கா.”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. நேரமாகிக்கொண்டிருந்தது.

“வேற எடத்துல எடுக்கலாமா? ஒரு மாதிரி வாசனை வருது.”

தானிஷ் கேமராவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “மொதல்ல பயப்படுறவ...”

“...நம்பக் கூடாது” என்று முடித்து வைத்தது நான்.

மெர்சி என் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். உள்ளே இறங்கினாள்.

கதவைச் சாத்தினேன்.

வெளியே அப்படி ஒரு வெயில். கதவுப் பலகை ஐஸ் மாதிரி இருந்தது. கையில் ஏதோ பிசுபிசுத்தது. அதை நான் தானிஷிடம் சொல்லவில்லை.

“ஆக்‌ஷன்.”

டொக்... டொக்... டொக்...

உள்ளிருந்து தட்டும் சத்தம். சொல்லிக்கொடுத்தபடியே தட்டினாள். நான் சிரித்தேன். சொல்லிக்கொடுத்தபடியே, “ரேகா, தொற! ரேகா!” என்று கத்தினாள்.

நன்றாக நடிக்கிறாளே என்று நினைத்தேன்.

தட்டுவது வேகமாயிற்று. டொக்டொக்டொக்... பிறகு அது கையால் தட்டுகிற சத்தமாக இல்லை. உடம்பையே கொண்டுவந்து மோதுகிற சத்தம்.

“ரேகா... ரேகா... அக்கா! சோபனாக்கா!”

என் பெயர்.

ரேகா இல்லை. என் பெயர்.

இந்த இடத்தை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை என்று சொல்லலாம். கதவு இறுகிக்கொண்டது என்று சொல்லலாம். இரண்டும் பொய். தெளிவாகக் கேட்டது. அது நடிப்பில்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தானிஷைப் பார்த்தேன். அவன் கட்டை விரலை உயர்த்தி, விடாதே என்று சைகை காட்டினான். அருமையாக வந்துகொண்டிருக்கிறது.

நான் கதவை விடவில்லை.

“யாரோ இருக்காங்கக்கா... உள்ள யாரோ இருக்காங்க... தொறங்கக்கா...”

இன்னும் கொஞ்சம்.

இன்னும் கொஞ்சம்தான்...

சத்தம் நின்றுவிட்டது.

ஒரேயடியாக.

ஆடு கத்தவில்லை. ஆற்றுப் பக்கம் காற்றுகூட இல்லை. கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒருவர் பேசுகிற முணுமுணுப்பு. குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. மெதுவாக...

மெர்சியின் குரல் இல்லை.

கதவை இழுத்தேன்.

மெர்சி ஓரமாகக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தலைமுடி முழுக்க ஈரம். கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. தானே ஏறி வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“மெர்சி... இன்னா ஆச்சு?”

என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க. கத்தாத கண்ணு, வெளிய இருக்கறவளுக்குக் கேக்குது, கேட்டுக்கிட்டுதான் நிக்கறான்னு சொன்னாங்க.”

அவ்வளவுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வக்கார் பாய் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

“டிரம்மு பக்கம் போனீங்களா?”

தானிஷ் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் சொன்னேன். “மூணாவது டிரம்முல... அந்தப் பொண்ண உள்ள வச்சி எடுத்தோம் பாய்.”

அவர் சாவியை வாங்கிக் கையில் மூடிக்கொண்டார்.

“எல்லம்மான்னு ஒரு பொம்பள. டிரம்மு கழுவ உள்ள எறங்குச்சி. கூட வேலை செய்ற பொண்ணு, ரெண்டும் உயிருக்குயிரான தோஸ்துங்க. வெளாட்டுக்குக் கதவ சாத்திப் புடிச்சிக்கிச்சி. உள்ள வெஷ கேஸ் தங்கியிருந்தது. கத்துச்சி. எல்லம்மா சும்மா நடிக்குதுன்னு அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே நின்னுச்சி. அப்புறம் சத்தம் நின்னுபோச்சி...”

நான் குறுக்கே பேசினேன்.

“நாங்களும் அப்படித்தான் பாய். கதவ சாத்திட்டு...”

“எந்தக் கதவ?”

“மூணாவது டிரம்மு கதவ.”

“இன்னாம்மா சொல்ற?” அவர் எழுந்து நின்றுவிட்டார். “அன்னிக்கே அந்தக் கதவக் கழட்டி எரிக்கச் சொல்லிட்டாரு மொதலாளி. என் கையால நான் எரிச்சேன். அந்த டிரம்முக்குக் கதவே கெடையாதும்மா.”

மறுநாள் மெர்சி வேலைக்கு வரவில்லை. அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே நின்று, தூங்குறா என்றார். உள்ளே டிவிக்கு முன்னால் மெர்சி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

தானிஷ் பத்து நாள் என்னிடம் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான். போனை என் பக்கம் தள்ளினான். அன்று எடுத்த காட்சி.

கதவைச் சாத்தியதை நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம். என் உள்ளங்கையில் அதன் குளிர் இன்னும் இருக்கிறது.

வீடியோவில் கதவு இல்லை.

டிரம்மின் வாய் கறுப்பாகத் திறந்து கிடக்கிறது. மெர்சி இடுப்பு வரை வெளியே வந்துவிட்டாள். என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளுகிறேன்.

சிரித்துக்கொண்டே...

அப்போது உள்ளிருந்து ஒரு கை வருகிறது. வெளுத்து, ஊறிப்போன கை. மெர்சியின் நெஞ்சைச் சுற்றி மெதுவாக அணைத்துக்கொள்கிறது.

என்னிடமிருந்து அவளை விலக்கி, இருட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது.