போர்டின் மூலையில் ஒரு பிள்ளையார்

என் மேசை இழுப்பறையில் பச்சை நிற சர்க்யூட் போர்டு ஒன்று கிடக்கிறது. அதன் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பார்த்தவர்கள் எல்லாம் பெயின்ட் சிந்திவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். அது பிள்ளையார். தும்பிக்கை, மோதகம், காலடியில் மூஞ்சூறு, மூஞ்சூறின் மீசை வரைக்கும் அதற்குள் இருக்கிறது. அச்சில் ஒன்றுகூடத் தெரியாது. என் வாழ்க்கையில் ஒரு வருஷத்தைத் தின்றது அந்தத் திட்டுதான்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில், படிப்பு முடித்த கையோடு, நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்துக் கடைத்தெருவில் ஒரு மாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியும் நானும் மட்டும்தான். மைன்ஸில் பல வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்து, பெர்மனன்ட் ஆகும் ஆகும் என்று காத்துச் சலித்து வெளியே வந்து, மெஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து தர ஆரம்பித்தவர். முதன்முதலில் கொடுத்த போர்டு மாட்டிய இடத்திலேயே புகைந்துவிட்டதாம். அன்றிலிருந்து, காலண்டர் அட்டைப் பிள்ளையாரை ஸ்கேன் செய்து மூலையில் வைத்த பிறகுதான் எந்த போர்டையும் வரையத் தொடங்குவார்.

வரைவது என்றால், எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், செம்புக் கோடு எந்த வழியாக ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அமைப்பது. எங்கள் மென்பொருளில் ஒரு கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே திரை உறைந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மைன்ஸ் ஷிஃப்ட் பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும், கோடு நகர்ந்திருக்காது. வைரஸ் என்றார் முதலாளி, சுத்தம் செய்தேன். மெமரி போதவில்லை என்றார், வாங்கிப் போட்டோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அழுகை வரும் அளவுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

கையில் இருந்தது ஒரே ஒரு ஆர்டர். காடாம்புலியூர் முந்திரி கம்பெனிக்காரர், கொட்டை காயவைக்கும் டிரையர்களுக்கு சீசனுக்குள் போர்டு கேட்டிருந்தார். முதல் சாம்பிளைப் பார்த்துவிட்டு (இப்போது என் இழுப்பறையில் கிடப்பது அதுதான்) வாரம் ஒரு மாற்றம் சொன்னார். "இதுவும் போச்சுன்னா நான் மறுபடி கான்ட்ராக்ட்டுக்குத்தாம்மா போவணும்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் வெறுத்துப்போய் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். பிள்ளையாரை நீக்கியதும் கோடு என் கையோடு கூடவே வந்தது. அந்தப் படத்தை மென்பொருள் ஆயிரக்கணக்கான பொடிக்கோடுகளாக நறுக்கி வைத்திருந்தது. நான் எதைத் தொட்டாலும் அத்தனையையும் மறுபடி கணக்குப் பார்த்தது. துள்ளிக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மொதல்ல சாமிய வைம்மா."

"எல்லாம் முடிச்சிட்டுக் கடைசியில வச்சிக்கலாம் சார்."

"கடைசியில வந்து குந்தறதுக்கு அவரு என்னா விருந்தாளியா? ஆரம்பத்துலயே கும்புடணும்."

தெரியாமல் எடுத்துவிடலாம்தான். ஆனால் அவர் நாற்காலி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாமி மேல் எனக்கு என்ன கோபம், அந்த மனிதர் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் தெரிந்த பிறகு காத்திருப்பது, தெரியாமல் காத்திருந்ததைவிடக் கொடுமை.

சென்ஸர் ஒன்றை இடம் மாற்ற வேண்டும் என்று முந்திரிக்காரரே நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நகர்த்தினேன். உறைந்தது. டீ வந்தது, குடித்து முடித்தார், திரை அப்படியே நின்றது.

"என்னாங்க, தூங்கிகினு இருக்குதா?"

முதலாளி என்னைப் பார்க்காமல், "சர்வர் ஸ்லோங்க" என்றார். எங்களிடம் சர்வரே கிடையாது. வாயைத் திறந்தால் அவர் மானம் போய்விடும் என்று நான் மவுஸையே தட்டிக்கொண்டிருந்தேன். மறு வாரம் ஆர்டரைச் சென்னையில் கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது.

அடுத்த நாள் காலை என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மூலையில் படம் இல்லை. அந்த இடத்தில் வெறும் பிள்ளையார் சுழி.

"இதுவும் அவருதானம்மா. முன்னாடியே தோணல பாரு."

மவுஸை நகர்த்தினார். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. கைவிட்டுப் போன அந்த ஆர்டரின் போர்டைத்தான் இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பரீட்சைத் தாளில் எல்லாம் சுழி போட்டுவிட்டு எழுதியவள் நான், எனக்கும்தானே தோன்றவில்லை.

சீசன் தொடங்கும் முன் பட்டறையைப் பூட்டினோம். அவர் மறுபடி கான்ட்ராக்ட்டில் சேர்ந்து, ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்த அதே ஷிஃப்ட் பஸ்ஸில் போனார். இப்போது கோயம்புத்தூரில் என் கம்ப்யூட்டர் காத்திருக்க வைப்பதே இல்லை. எந்த போர்டைத் தொடங்கினாலும் மூலையில் முதலில் சுழி போடுகிறேன். போட்டதும் இழுப்பறையைத் திறந்து, அந்த வெள்ளைத் திட்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். பாழாய்ப்போன அச்சு, பெயரவே மாட்டேன் என்கிறது.