துரை அண்ணன் செஞ்ச பூவரசங் கைப்பிடி

எங்க புதுப்பட்டினத்துல துரை அண்ணனைத் தெரியாதவங்க கெடையாது. சட்டைப் பாக்கெட்டுல ஜனங்க பேனா வெச்சுகினு போவாங்க, போன் வெச்சுகினு போவாங்க. இவரு வெர்னியர் வெச்சுகினு போவாரு. கொறடு மாதிரி வாயைத் தெறந்து மூடற அளவுகோல் அது, மயிரிழை வித்தியாசத்தையும் காட்டிக் குடுத்துடும். முப்பத்துமூணு வருசம் அணு கரண்டு பிளாண்ட்டு ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவரு. ரிடயர் ஆனப்ப மாலை போட்டு சால்வை போத்தி அனுப்பினாங்க. அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிகினு எங்க தெருவுக்கு வந்தாரு. சால்வை பொட்டிக்குள்ள போயிடுச்சு, வெர்னியர் மட்டும் பாக்கெட்டுலயே தங்கிடுச்சு.

நான் சின்னப்பொண்ணு. வயசு அம்பத்தொண்ணு ஆவுது, பேரு மட்டும் வளரவே இல்ல. அவரு வூட்டுக்கு எதுத்தாப்புல என் நாஸ்தா கடை. ஒரு நாளு மனுசன் தட்டுல கீற மெதுவடையை எடுத்து ஓட்டைக்குள்ள வெர்னியரை வுட்டாரு. "சின்னப்பொண்ணு, நேத்து ஓட்டை பதினெட்டு மில்லி. இன்னைக்கு இருபத்திரெண்டு கீது"ன்னாரு. "ஓட்டையைத் துன்னாதீங்கண்ணே, சுத்தி கீறதைத் துன்னுங்க"ன்னேன். கோவிச்சுக்கல. இன்னும் ரெண்டு வடை வாங்கி அதையும் அளந்துட்டுதான் துன்னாரு.

சொந்த ஊரு திருக்கழுக்குன்றம் பக்கத்துல ஒரு கிராமம். நெல்லு வெவசாயம். பன்னெண்டு வயசுல அவங்க நைனா இல்லாத நேரமா பாத்து பம்புசெட்டு மோட்டாரைக் கழட்டிப் போட்டு, திரும்ப மாட்டினாராம். மோட்டாரு ஓடிச்சு, ஆனா ரெண்டு ஸ்க்ரூ மிச்சம். இவனை ஏரு பின்னாடி அனுப்பினா ஏரையும் கழட்டிடுவான்னு பயந்துதான் அவங்க நைனா செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில சேத்து வுட்டாராம். இதை அவரே பெருமையா சொல்லுவாரு.

அவரு சம்சாரம் ரேணுகா அக்கா. பேச்சு கம்மி, கை ஓயாது. நுனியில கொக்கி வெச்ச ஒத்தை ஊசி, குரோஷா ஊசின்னு பேரு. அதை வெச்சுகினு சித்திரை வெயில்ல மடி நெறைய உல்லன் நூலைப் போட்டுகினு பின்னிகினு இருப்பாங்க. பாக்கறவங்களுக்கு வேர்த்து ஊத்தும். வந்த புதுசுல, "இன்னாக்கா, ஊட்டிக்குக் குடி போறீங்களா"ன்னு கேட்டேன்.

அப்பதான் சொன்னாங்க. அது அத்தனையும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில கொறமாசத்துல பொறக்கற புள்ளைங்களுக்குக் குல்லா. அந்தப் புள்ளைங்க ஒடம்புல சூடு நிக்காதாம், தலை வழியா எறங்கிடுமாம், வெயில் காலமா இருந்தாலும் குல்லா வேணுமாம். அவங்க புள்ள கார்த்தியும் ஏழாம் மாசத்துல ஒண்ணேகால் கிலோவுல பொறந்தவன்தான். அன்னைக்கு யாரோ முகந்தெரியாத பொம்பள பின்னிக் குடுத்த மஞ்சக் குல்லாவைத்தான் நர்ஸம்மா அவன் தலையில மாட்டினாங்களாம். இப்ப கார்த்தி தொண்ணூத்திரெண்டு கிலோ, ஊரப்பாக்கத்துல வூடு எடுத்துத் தங்கிகினு கம்பெனிக்குப் போறான். அக்கா மாசம் பத்துக் குல்லா பின்னி, பையில போட்டுகினு, பஸ் ஏறிப் போய்க் குடுத்துட்டு வருவாங்க. பதினோரு வருசமா ஒரு மாசம் தவறினதில்ல.

ரெண்டு வருசம் முன்னாடி அவங்க வெரலு முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு. டாக்டருகிட்ட நான்தான் கூட்டிகினு போனேன். வாதம்னாரு, மாத்திரை எழுதினாரு, கையை இறுக்கிப் புடிக்கற வேலை வேணாம்னாரு. வெளிய வந்ததும் அக்கா என் கையைப் புடிச்சுகினு, "இவருகிட்ட சொல்லிடாத"ன்னாங்க.

"ஏங்க்கா, கட்டின புருசன்கிட்ட சொல்லாம?"

"சொன்னா ரிப்பேருக்கு வந்த சாமானைப் பாக்கற மாதிரி என்னைப் பாப்பாரு. கழட்டி, இரும்பை இறுக்கிப் புடிக்கற வைஸுல மாட்டிடுவாரு. வேணாம் சின்னப்பொண்ணு."

என் அடுப்பு மேல சத்தியம் வாங்கிட்டாங்க. அது மட்டுமா, இன்னொரு வேலையும் என் தலையில வுழுந்துச்சு. மாசாமாசம் சங்கடஹர சதுர்த்திக்கு அவங்க வூட்டுல வெல்லம் போட்ட பிடிகொழுக்கட்டை. மாவை உள்ளங்கையில வெச்சு இறுக்கிப் புடிச்சு ஆவியில வேக வெக்கறது. அக்காவால புடிக்க முடியல. நான் என் கடையில புடிச்சு, முந்தானையில மறைச்சுகினு பின்பக்கமா கொண்டுபோய்க் குடுத்துடுவேன். அண்ணன் ஒண்ணைக் கடிச்சுட்டு, "ரேணு, உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது"ம்பாரு. நானும் அக்காவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம நிப்போம்.

இந்த வருசம் தை மாசம் குல்லா நின்னு போச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து வர முடியாதுன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டு வந்து, என் கடை பெஞ்சியில ஒக்காந்து அக்கா அழுதாங்க. அன்னைக்குதான் அவங்க அழுது நான் பாத்தேன். அண்ணன் கேட்டதுக்கு மட்டும், "ஊசி சரியில்லீங்க, வழுக்குது"ன்னு சொல்லி வெச்சாங்க.

கருவி சரியில்லன்னு யாராவது சொன்னா துரை அண்ணனுக்கு அது கல்யாண சாப்பாடு. வூட்டுக்குப் பின்னால தகரக் கொட்டாயில சின்ன லேத்து மெஷினு கீது. அதுல போய் ஒக்காந்துட்டாரு. மொதல்ல எவர்சில்வருல ஒரு ஊசி செஞ்சாரு. கடப்பாறைக்குத் தங்கச்சின்னு சொல்லலாம், அவ்ளோ கனம். அடுத்தது பித்தளைப் புடி, உள்ள பேரிங். புடி ஒரு பக்கம் சுத்த, கொக்கி ஒரு பக்கம் சுத்த, நூலு நடுவுல மாட்டிகினு முழிச்சுது. மூணாவது சைக்கிள் ஹேண்டில் ரப்பரை வெட்டி மாட்டினது, அதைப் புடிச்சா கை வேர்த்துப் போவும். ஒவ்வொண்ணையும் அக்கா வாங்கி நாலு கண்ணி போட்டுப் பாத்து, "நல்லாதாங்க கீது"ன்னு சொல்லி அலமாரியில வெச்சுடுவாங்க. நல்லா கீறது ஏன் அலமாரிக்குப் போவுதுன்னு அவருக்குப் புரியல.

மாசியில சதுர்த்தி வந்துச்சு. நான் பாத்திரத்தைத் திரும்ப வாங்க அங்க நின்னுகினு இருந்தேன். கொழுக்கட்டையை வாய்கிட்ட கொண்டுபோன மனுசன் அப்படியே நிறுத்திட்டாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நாலு வெரலும் பதிஞ்ச பள்ளம், மேல கட்டைவெரலு அழுத்தின குழி.

"ரேணு, உன் கை அப்படியே இதுல கீதுடி"ன்னாரு.

வாயில இன்னா கொழுக்கட்டையான்னு ஊருல கேப்பாங்களே, எனக்கு நெசமாவே கொழுக்கட்டைதான் வாயை அடைச்சுது. அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் பாத்திரத்தைத் தூக்கிகினு நடையைக் கட்டிட்டேன்.

அண்ணன் அதுல நல்லதா ஒண்ணைப் பொறுக்கி டப்பாவுல போட்டுகினு கொட்டாய்க்குப் போனாரு. எறும்பு வர்றதுக்குள்ள அதுல பதிஞ்ச என் அஞ்சு வெரலையும் வெர்னியரு வெச்சு அளந்து நோட்டுல எழுதிகினாரு. கோவளத்துல படகு கட்டற பெஞ்சமின்கிட்ட போய் நல்லா காஞ்ச பூவரசங்கட்டை வாங்கியாந்தாரு. பத்து நாளு அரம் போட்டு, உப்புத்தாள் தேச்சு, தேங்காண்ணெய் தடவி, கொக்கிக்குக் கைப்பிடி செஞ்சாரு. தலையெல்லாம் மரத்தூளோட நாஸ்தாவுக்கு வந்து ஒக்காருவாரு.

எனக்கு மனசு கேக்கல. "அண்ணே, வெண்ணெயைக் கையில வெச்சுகினு நெய்க்கு அலையறீங்களே. அக்கா கையையே புடிச்சு அளந்தா இன்னா?"ன்னேன்.

"உனக்குத் தெரியாது. அளக்கறேன்னு சொன்னா கை வெறைச்சுக்கும். இது அவளுக்கே தெரியாம அழுத்தின கை. இதுதான் நெசமான அளவு"ன்னாரு. நான் மாவாட்டப் போயிட்டேன்.

கைப்பிடியை அக்காகிட்ட குடுக்கற அன்னைக்கு என்னையும் கூப்பிட்டாரு. பாக்க அழகா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அக்கா வாங்கிப் புடிச்சாங்க. சுண்டுவெரலு பள்ளத்துக்கு வெளிய நின்னுச்சு. மோதிரவெரலு நடுவெரலு எடத்துல போய் ஒக்காந்துச்சு.

"சரியா புடி ரேணு."

"சரியாதாங்க புடிச்சுகினு கீறேன்."

"அளவு தப்பாது. நீ புடிக்கறதுதான் தப்பு. இறுக்கிப் புடி"ன்னு சொல்லி அவங்க வெரலு மேல தன் கையை வெச்சு அழுத்தினாரு. அக்கா ஒதட்டைக் கடிச்சுகினாங்க.

எனக்கு வந்துச்சே கோவம். சத்தியமாவது, அடுப்பாவது. அந்த ஊசியை அவங்க கையிலேர்ந்து புடுங்கி என் கையில புடிச்சேன். அஞ்சு வெரலும் அதது எடத்துல போய் ஒக்காந்துச்சு, காலுக்குப் பழகின செருப்பாட்டம். ஒரு கண்ணி கூடப் பின்னத் தெரியாதவ நான். கையை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினேன்.

அண்ணன் என் கையைப் பாத்தாரு. அப்புறம் அக்கா கையைப் பாத்தாரு. வீங்கின முட்டி, கோணிப்போன சுண்டுவெரலு. நெசமா சொல்றேன், கலியாணமாயி முப்பத்தஞ்சு வருசத்துல அன்னைக்குதான் அந்தக் கையைப் பாக்கற மாதிரி பாத்தாரு.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசமாண்ணே"ன்னேன்.

"அப்ப அந்தக் கொழுக்கட்டை எல்லாம்?"

"நான் புடிச்சது."

அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. "நான் இன்னாத்த பாத்துகினு இருந்தேன், ரேணு"ன்னு கேட்டாரு. அந்த மனுசனை வருசக்கணக்கா கிண்டல் பண்ணவ நான், அன்னைக்கு அவருக்காவ அழுதேன். வூட்டுக்கு வந்து எனக்காவும் கொஞ்சம் அழுதேன். ரகசியம் காப்பாத்தறேன்னு அவங்க வலியை நானும்தானே மூடி வெச்சேன்.

மறுநாள் காலையில கடைக்கு வந்து, "கொஞ்சம் பிசைஞ்ச மாவு குடு"ன்னாரு. அளவு கேட்டேன், தெரியலன்னாரு. அந்த வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. பின்னாடியே போனேன். அக்கா எதுருல ஒக்காந்து மாவை அவங்க உள்ளங்கையில வெச்சு, "வலிக்கறதுக்கு முன்னாடி வுட்டுடு"ன்னாரு. அக்கா மூடின கையைத் தெறந்தப்ப மாவு கிட்டத்தட்ட உருண்டையாவேதான் இருந்துச்சு. லேசா ரெண்டு பள்ளம், அவ்ளோதான். அதை ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாரு.

இந்தத் தடவை செஞ்ச கைப்பிடியில அழகுன்னு ஒண்ணும் இல்ல. குண்டா, வழவழன்னு, கத்திரிக்காய் மாதிரி இருந்துச்சு. புடிக்கவே வேணாம், கையில கெடந்தா போதும். அக்கா நூலைக் கோத்து ஒரு சுத்து பின்னினாங்க. ரெண்டாவது சுத்து. மூணாவது சுத்து பாதியில நிறுத்திட்டாங்க. நானும் அண்ணனும் அவங்க வாயையே பாத்துகினு இருந்தோம். நல்லாதாங்க கீதுன்னு சொல்லப் போறாங்கன்னுதான் நெனைச்சேன்.

"வலிக்குதுங்க"ன்னாங்க.

அண்ணன் ஊசியை வாங்கித் திண்டு மேல வெச்சாரு. "எங்க வலிக்குது, காட்டு"ன்னாரு. அக்கா ஒவ்வொரு வெரலா காட்டினாங்க. இது காலையில, இது மழை வந்தா, இது எப்பவுமேன்னு சொல்லிகினே வந்தாங்க. அவரு அந்தக் கையைத் தன் மடியில வெச்சுகினு, கேட்டுகினு இருந்தாரு. நான் கடையைப் பாக்கக் கெளம்பிட்டேன்.

தெனமும் மூணு சுத்து. வலி வந்தா நிறுத்திடறாங்க, சொல்லிட்டே நிறுத்தறாங்க. அந்த மாசம் வார்டுக்கு ஒரே ஒரு குல்லாதான் போச்சு, அண்ணனும் கூடப் போனாரு. ஒண்ணுதானான்னு நர்ஸம்மா கேக்கல. கையில வாங்கினதும் நேரா உள்ள போய் ஒரு புள்ள தலையில மாட்டிட்டாங்க.