பேருந்தில் வந்த வானோடி

இராசகுளத்தில் நான் பேசவிருந்த மாலைக் கூட்டத்துக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஞானவேலின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, அண்ணன் பிளேனு ஏறவே இல்லண்ணே. ஓடிக்கினு இருக்கசொல்லவே..." என்றவர் மேலே பேசமாட்டாமல் அழுதார். ஏறவில்லையென்றால் தரையில்தானே இருக்கிறார் என்று ஒரு நொடி ஆறுதல் கொண்டேன். அந்த நொடிக்குப் பிறகு எனக்கு ஆறுதல் இல்லை. ஓடுபாதையின் முடிவிலிருந்த கால்வாய்ச் சுவரில் மோதி, அந்தச் சிறு பயிற்சி வானூர்தி அவர் அமர்ந்திருந்த பக்கமாக நொறுங்கியிருந்தது.

திருப்புலிவனத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, பிறருக்கு வானூர்தி ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியராக உயர்ந்தவர் ஞானவேல். அவர் பெருமையை நீங்கள் அறிவீர்கள். என் குற்றத்தை அறியமாட்டீர்கள். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நம் ஊர்ப் படிப்பகத் திறப்பு விழா உங்களுக்கு நினைவிருக்கும். வானிலிருந்து ஞானவேல் மலர் தூவுவார் என்று ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் முழங்கியவன் நான். அறுவடை முடிந்த வயலில் ஊரே திரண்டு அண்ணாந்து நின்றது. வானம் வெறுமையாகவே இருந்தது. வெயில் ஏறிய பிறகு, உத்திரமேரூர்ப் பேருந்திலிருந்து இரண்டு சாக்கு வாடிய செவ்வந்தியோடு அவர் இறங்கினார். ஓடுபாதையில் பாதி ஓடியபோது பொறியின் ஒலி மாறியதாம்; நிறுத்திவிட்டாராம்.

"எகிறியிருக்கலாமேப்பா! இத்தினி ஜனம் காத்துக்கினு கீது" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"ஓடுற வரிக்கும் அது நம்ம கைல கீது பெரிப்பா. எகிறிட்டா நாம அதுங்கைல" என்றார் ஞானவேல்.

அவையைச் சிரிக்க வைக்கும் வாய்ப்பை நான் விட்டதே இல்லை. ஒலிபெருக்கியைப் பற்றினேன். "புறப்பட்ட புலி பாதியில் திரும்பியது! வானோடி வந்தார், பேருந்தேறி வந்தார்!" கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. அன்று மாலைக்குள் அவர் 'பஸ் பைலட்டு' ஆனார்.

"இன்னா பஸ் பைலட்டு, டிக்கெட் எட்த்தாச்சா?" என்று தேநீர்க் கடையில் கேட்பார்கள். "சில்லற இல்ல மாமா, எனக்கும் சேத்து நீயே எடு" என்று அவரும் சிரிப்பார். ஒருமுறை என்னிடம் தனியே சொன்னார்: "எனக்கு இன்னா இருக்குதுண்ணே, பேரு நல்லாதான் கீது. எம் பொண்ண ஸ்கூல்ல 'பஸ் பைலட்டு பொண்ணு'ன்றாங்கோ. அத்த மட்டும் வுட்ற சொல்லுண்ணே. நீ சொன்னா கேப்பாங்கோ."

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் என்றேன். கூட்டங்கள் வந்தன. நான் சொல்லவில்லை.

அவருக்கு எரியூட்டிய நாளில், கையில் கட்டோடு தேன்மொழி வந்திருந்தார். விபத்தன்று அவரருகே அமர்ந்திருந்த பயிற்சி மாணவி. நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "நிறுத்தத் தயங்கினாரா, அம்மா?"

"இன்ஜின் சத்தம் மாறுச்சு சார். ஏத்திடலாம்னு நான்தான் கத்துனேன். அவரு என்னைப் பாத்து சிரிச்சாரு. 'இன்னைக்கும் பஸ்ஸுதாம்மா'ன்னாரு. அப்புறம்தான் நிறுத்துற விசையை இழுத்தாரு." பிறகு சொன்னார்: "ஏறியிருந்தா ரெண்டு பேருமே இல்ல சார்."

தயங்கவில்லை என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.

ஓடுகிறவரை நம் கையில், எகிறிவிட்டால் நாம் அதன் கையில் என்றாரே, அந்தச் சொல்லையே அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். ஊர்தியைப் பற்றி அவர் சொன்னதை, என் பேச்சுக்கு நான் ஒருநாளும் பொருத்திப் பார்த்ததில்லை.

படத்திறப்பு நாளில், அதே வயலில், அதே ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைத் திரும்பப் பெறுவேன். அவர் மகள் முன்வரிசையில் அமர்ந்திருப்பாள். தோழர்களே, அப்போது கை தட்டாதீர்கள்.