விடைப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

விடைகளை எங்கள் அப்பா புகைத்துவிட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், நடந்தது அதுதான். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் சுருட்டுத் தாளுக்குப் பஞ்சம். அண்ணனின் புள்ளியியல் புத்தகத்துத் தாள் மெல்லிசாக, வாகாக இருந்தது. கடைசிப் பதினாறு பக்கங்களைக் கிழித்துப் புகையிலை சுற்றி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து நிம்மதியாக ஊதித் தள்ளிவிட்டார். அட்டை பிய்ந்த அந்தப் புத்தகம் இப்போது என் மடியில் இருக்கிறது.

அண்ணன் ரயில்வே ஆபீஸில் கிளார்க். பரீட்சைக்காக அதை வாங்கியிருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அவனையும் கொண்டுபோனார்கள். லோரியில் ஏறும்போதுகூட, “நீங்க ரெண்டு பேரும் கணக்கைப் போட்டு வைங்க, நான் வந்து திருத்துறேன்” என்றான். ரெண்டு பேர் என்றது என்னையும் அண்ணியையும். இருவரும் கான்வென்ட்டில் படித்தவர்கள். அண்ணி என்னைவிட ஒரு வயது சின்னவள். எதற்கெடுத்தாலும் சண்டை போடுவோம்.

விடை இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது? அண்ணிதான் வழி சொன்னாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகும் நேரத்தில் அவள் சமையற்கட்டில், நான் முன்னறையில். பழைய ஆபீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் தனித்தனியாகப் போட்டு, இரண்டு தாளையும் ஒரே நேரத்தில் திருப்புவோம். ஒத்துப்போனால் அதுவே விடை. ஆனாலும் சரிக்குறி மட்டும் போடமாட்டோம், அது அண்ணன் வேலை. ஒரு கணக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூட்டைக்கு நூறு பவுண்டு எடை என்கிறான் வியாபாரி. முப்பத்தாறு மூட்டைகளை நிறுத்தால் சராசரி தொண்ணூற்றெட்டு, திட்டவிலக்கம் ஆறு. அவன் சொல்வதை மறுக்கலாமா? ‘மறுக்கலாம்’ என்று நான் எழுதினேன். ‘மறுக்க ஆதாரம் போதாது’ என்று அவள் எழுதியிருந்தாள். நூற்றுக்கு ஐந்து தடவை முடிவு தப்பானாலும் பரவாயில்லை என்று வைத்து நான் போட்டிருந்தேன், அவள் ஒரு தடவைக்குமேல் விடவில்லை. “எவ்வளவு ஆதாரம் வேணும்னு மொதல்லயே முடிவு பண்ணிக்கணும் லா. விடையப் பாத்துட்டு எல்லைக்கோட்ட நகர்த்தினா அது கணக்கில்ல, ஆசை” என்றாள்.

பிறகு அண்ணனைப் பற்றிய வதந்திகள் வர ஆரம்பித்தன. ரவாங்கில் பார்த்தேன் என்றான் ஒருவன். செத்துப்போனதாக யாரோ சொன்னார்கள் என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஓர் அழுகை. அண்ணி புத்தகத்தின் முன்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: ‘ஒருவரையொருவர் அறியாத இருவர், கண்ணால் பார்த்ததாகச் சொன்னால் மட்டுமே நம்புவது.’ இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வரத் தொடங்கினார்கள். அண்ணனின் படத்தை எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் முறை வைத்து ஸ்டேஷனுக்குப் போவோம். ஒரு நாள், எலும்பும் தோலுமாக இறங்கிய ஈப்போக்காரர் ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவரா? குச்சியால தரையில கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பாரே. காலராதான், தங்கச்சி. நான்தான் குழியில எறக்கினேன்.”

பாவி, நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு சாட்சிதானே! நாங்கள் எழுதி வைத்தபடி பார்த்தால் என் அண்ணன் இன்னும் உயிரோடுதான் இருந்தான். அன்றிலிருந்து ஏதேதோ சாக்குச் சொல்லி ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. கிள்ளானில் தாய்வீட்டுக்குப் போய்வந்த பிறகு அண்ணியும் போகவில்லை. அலுத்துவிட்டது போலிருக்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் கடைசிக் கணக்கை முடித்த மதியம், அண்ணி ஒரு தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நீ ஏன் ஸ்டேஷனுக்குப் போறதில்ல, நான் ஏன் போறதில்ல? தனித்தனியா எழுதுவோம்.”

முன்னறைக்குப் போனேன். எழுதாமல் இருந்துவிட்டால் அவன் பிழைத்துக்கிடப்பான் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவளுக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. எழுதினேன். சமையற்கட்டில் எதிரெதிரே உட்கார்ந்து திருப்பினோம்.

என் தாளில்: ‘காலரா. தரையில் கணக்குப் போடுவான். ஈப்போக்காரர், தானே புதைத்தார்.’ அவள் தாளில்: ‘காலரா. தரையில் கணக்குப் போடுவார். சயாமிலிருந்து திரும்பிய கிள்ளான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர், தானே மருந்து கொடுத்தார், உயிர் போனதைப் பார்த்தார்.’

ஐயோ அண்ணி என்று அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக விலகிப் பென்சிலைத் தேடினாள்.

அந்த இரண்டு அரைத்தாள்களும் இந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன. அண்ணன் வந்து திருத்தட்டும் என்று விட்டுவைத்த கணக்குக் கட்டும் இருக்கிறது, ஒன்றில்கூடக் குறி கிடையாது. இந்த அரைத்தாள்கள் இரண்டில் மட்டும் அண்ணி சரிக்குறி போட்டிருக்கிறாள்.