ஆயுத பூஜையன்று மாற்றிய ஹார்டு டிஸ்க்

ஓர் ஆவணத்துக்கு நகல் எடுத்தால், நகலை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒப்பிட்டவர் கையொப்பமிடும்வரை மூலம் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மனப்பாடம் செய்த விதி இது. ஓய்வு பெறும்வரை இதைக் காட்டிப் பலரை வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். விதியில் ஒரு குறையும் இல்லை. பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்று அருப்புக்கோட்டையில் ஒரு வழக்கம் இருப்பதை மட்டும் அதை எழுதியவர் யோசிக்கவில்லை.

என் தங்கை அங்கே விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறாள். ஆறு தறி. சேலைக் கரையில் எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது இப்போது கம்ப்யூட்டர்தான். திரையில் கட்டம் கட்டமாகப் பூவை வரைந்து, பென் டிரைவில் ஏற்றி, தறியின் தலைமேல் இருக்கும் பெட்டியில் செருகினால் தறி அதைப் பார்த்து நெய்யும். வரைவது அவள். ஓட்டுவது அவள் கணவர். நூல் பில்லும் வரியும் மின்வாரியக் கடிதமும் என்றால் திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி நான் வருவேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர்கள் வெகுகாலம் கூலிக்கு ஓட்டினார்கள். அடுத்த தெருவில் ஒரு முதலாளி. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூல் அவருடையது, டிசைன் அவருடையது, முதுகுவலி மட்டும் இவர்களுடையது. டிசைன் போடும் சாப்ட்வேரைச் சொந்தமாக வாங்கிய பிறகுதான் மதுரை வியாபாரிகள் இவள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கூலிக்காரிக்கும் சொந்த டிசைன்காரிக்கும் உள்ள தூரம் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

இந்தத் தீபாவளிக்கு அவள் வெடித்த பருத்திக்காயை வரிசையாகக் கரையில் ஓடவிட்டு ஒரு டிசைன் போட்டிருந்தாள். போனில் அதன் படத்தைப் பார்த்த வியாபாரி ஒருவர், ஒரு சேலை நெய்து காட்டச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் ஆறு தறியும் அவருக்குத்தான் என்று பேச்சு.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து நகம் வெட்டுவதைப் போல, விட்டு விட்டு. ஹார்டு டிஸ்க் சாகப் போகிற சத்தம் அது. நான் சொன்னேன், அப்படியே நகல் எடுத்துப் புதியது மாற்றிவிடலாம் என்று.

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்குண்ணே. அதப் போயி நோண்டணுமா?"

"சத்தம் கேக்குதுல்ல?"

"ஒனக்கு எதுலதான் சத்தம் கேக்கல? மிக்சிலயும்தான் கேக்குதுன்ன. இன்னும் அரைக்குது."

ஆனாலும் சம்மதித்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

தறிகள் எல்லாம் சேர்ந்து நிற்பது ஆயுத பூஜை அன்று மட்டும்தான். எனவே அன்றைக்கே நாள் குறித்தோம். இரண்டு டிஸ்குகளையும் அருகருகே நிறுத்தும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தேன். எது மூலம், எது நகல் என்று மூன்று முறை சரிபார்த்துத்தான் வேலையைத் தொடங்கினேன். பழைய டிஸ்க் நொண்டி நொண்டிப் படித்தது. மதியத்துக்குள் முடிய வேண்டியது, விளக்கேற்றும் நேரம்வரை இழுத்தது. மாப்பிள்ளை குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நூறு சதவீதம் என்று வந்ததும் புதிய டிஸ்கை உள்ளே பொருத்தி மூடியைத் திருகினேன். பழையதன்மேல் மார்க்கர் பேனாவால் 'நகல் எடுக்கப்பட்டது' என்று எழுதி, சுருக்கக் கையெழுத்தும் போட்டு, ஜன்னல் திட்டில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி. கை கழுவிவிட்டு வந்து ஆன் செய்யலாம் என்று புறக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சி.பி.யூ. தலையில் மூன்று விரல் சந்தனமும் குங்குமமும். மேலே ஒரு முழம் செவ்வந்தி. பக்கத்தில் தறிச் சாமான்கள், ஸ்பேனர்கள், மாப்பிள்ளையின் பைக் சாவி.

"ஒரே ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துட்டு அணைச்சிர்றேன்" என்றேன்.

"சாமிக்கு வச்சாச்சுண்ணே. காலையில மறுபூஜை முடியவும் பாத்துக்கலாம்."

"ரெண்டு நிமிசந்தான்."

"நீ ஆபீசுல ரெண்டு நிமிசம் முன்னால வந்தவுகள உள்ள விட்டிருக்கியா?"

பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

காலையில் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டிய பிறகு பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை. துவங்குவதற்கு எந்த டிஸ்கும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி.

"சந்தனம் உள்ள போயிருக்குமோ மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

மூடியைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு கேபிளைச் சரியாக அழுத்தவில்லை. அழுத்தினேன். மறுபடியும் அதே வரி. செட்டிங் பக்கத்துக்குள் போனால், முதலில் யாரைக் கூப்பிடுவது என்ற வரிசையில் இன்னும் பழைய டிஸ்கின் பெயரே இருந்தது; மாற்றலாகிப் போன அதிகாரியின் பெயர்ப் பலகையை ஆறு மாதம் கழற்றாமல் வைத்திருக்கும் வழக்கம் இயந்திரங்களுக்கும் உண்டு. பெயரை மாற்றினேன். விண்டோஸ் வந்தது, முன்பைவிட நாலு மடங்கு வேகமாக.

"ஏ யப்பா, பறக்குது" என்றாள் தங்கை.

டிசைன் சாப்ட்வேர் திறக்கவில்லை. D என்ற டிரைவில் கோப்புகளைத் தேடியது. அந்த எழுத்தை இடையில் மெமரி கார்டு செருகும் துளை பிடித்துக்கொண்டு, டிசைன்களை E-க்குத் தள்ளியிருந்தது. எழுத்துகளை மாற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளை எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார். எனக்கும் கொஞ்சம் நிமிர்வு வந்திருந்தது என்பதை மறைப்பானேன்.

பிறகு ஒரு சிறிய சாம்பல் நிறக் கட்டம் வந்தது. இது பதிவு செய்யப்படாத இயந்திரம். உரிமம் செல்லாது.

கையேட்டை எடுத்தேன். உரிமம் ஹார்டு டிஸ்கின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டது என்று இருந்தது. டிஸ்கை மாற்றுவதற்கு முன், பழைய டிஸ்கிலிருந்து உரிமத்தை விடுவித்துக்கொள்ள வேண்டும். இது பின்னிணைப்பில், உத்தரவாதம் குறித்த பக்கத்துக்குப் பிறகு இருந்தது. இருக்கட்டும். பழையதைத் திரும்ப மாட்டி, விடுவித்துவிட்டு, புதியதை மாட்டினால் தீர்ந்தது. நல்ல விதி, தப்பு செய்தவனுக்கும் ஒரு வழி விட்டு வைத்திருக்கிறது.

"மாப்ளே, ஜன்னல்ல இருக்கிற பழைய டிஸ்க எடுங்க."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

பூஜைக்கு முன்னால் கூடத்தைக் கழுவும்போது தேய்ந்தது, உடைந்தது எல்லாம் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். கழிசல் இருக்கிற இடத்தில் சாமி உட்காராது. நான் கை கழுவப் போயிருந்தபோது பழைய இரும்புக்காரர் வாசலில் வண்டியோடு நின்றிருக்கிறார். தேய்ந்த பல்சக்கரங்கள், அறுந்த பெல்ட்டுகள், உடைந்த மோட்டார் மூடி, அதோடு அதுவும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நகல் எடுத்தாச்சுன்னு நீங்கதான மச்சான் எழுதியிருந்தீக. கையெழுத்து வேற. நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

மாப்பிள்ளை நக்கலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய இரும்புக் கடை பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின்மேல். நானும் தங்கையும் பஸ் ஏறினோம். பாதி வழியில், "எல்லா டிசைனும் அந்தப் புதுசுக்குள்ள இருக்குல்ல?" என்று கேட்டாள். இருந்தன. பெயரோடும் தேதியோடும், ஒன்றுகூட விடாமல். திறக்கத்தான் முடியவில்லை.

கடையில் ஓர் அம்மாள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"வந்த ஒடனே பிரிச்சிருவோம்யா. அலுமினியம் தனி, காந்தம் தனி. காந்தத்துக்குன்னே ஆளு வருது." இரும்புத் தூணில் பிறை வடிவக் காந்தங்கள் கொத்தாக ஒட்டியிருந்தன, ஒன்றில் கடைச் சாவி தொங்கியது. "இதுல ஒங்களுது எதுன்னு பாருங்க."

எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. லாரிகள் போகும்போதெல்லாம் தூண் லேசாக நடுங்கியது.

தங்கை சேலையைச் செருகிக்கொண்டு அலுமினியக் குவியலுக்குள் இறங்கினாள். பாத்திர மூடிகளும் விசிறி இறக்கைகளும் சரிந்தன. வெகுநேரம் கழித்து ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டினாள். டிஸ்கின் மேல்மூடி. 'நகல் எடுக்கப்பட்டது.' என் கையெழுத்து. அதற்குக் கீழே கம்பெனி ஸ்டிக்கரில் வரிசை எண்.

"இது போதுமாண்ணே?"

"பாப்போம்."

"அத வச்சு என்ன சார் பண்ணப் போறீக?" என்றார் கடைக்கார அம்மாள். "அதுல ஒரு டம்ளர்கூட மூட முடியாது."

அன்றே சாப்ட்வேர்க்காரர்களுக்கு எழுதினேன். போனில் ஒரு பெண் எடுத்து, மெயில் போடுங்க சார் என்று வைத்துவிட்டாள். நான் போட்ட மெயிலில் பொருள் இருந்தது, பார்வை இருந்தது, இணைப்பாக மூடியின் இருபுறப் படமும் இருந்தது, பழைய டிஸ்க் அழிக்கப்பட்டது என்ற உறுதிமொழி இருந்தது. தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இது அவுகளுக்குப் புரியுமாண்ணே? கடைசி வரிய மொதல்ல எழுதேன். தீவாளிக்குள்ள வேணும்னு."

கடைசி வரி கடைசியில்தான் வர வேண்டும். அப்படியே அனுப்பினேன். உடனே பதில் மாதிரி ஒன்று வந்தது: உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த வாக்கியத்தின் குடும்பத்தையே எனக்குத் தெரியும். நானே அதை வளர்த்தவன். இனி எப்போது எழுதினாலும் அது மட்டும்தான் வரும் என்று தெரிந்தது. வந்தது.

அடுத்த தெரு முதலாளியிடம் அதே சாப்ட்வேர் இருக்கிறது. பென் டிரைவில் கொண்டுபோய் அவர் கம்ப்யூட்டரில் திறந்து, தறிக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டு வரலாம் என்று யோசனை சொன்னேன்.

"அங்க தொறந்தா அங்கயே தங்கிரும்" என்றாள். "நாளைக்கு அவுக தறியில பருத்திக்கா ஓடும். நான் யாருகிட்டப் போயிச் சொல்ல, அது எம்புள்ளன்னு?"

அதனால் தறிகள் போன வருஷத்துப் பூவையே ஓட்டின. அது தறிமேல் இருந்த பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்தது. மதுரை வியாபாரி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சேலையைத் தொடையில் விரித்துக் கரையைக் கட்டைவிரலால் தடவினார். போனிலிருந்த பருத்திக்காய்ப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பொங்கலுக்குப் பாக்கலாம்மா. இந்தப் பருத்திக்காயையே நெய்ஞ்சு வையிங்க."

தீபாவளி போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த தெருவில் ஒரு கூடம் நின்றால் எல்லோருக்கும் கேட்கும். ஏன் என்று யாரும் வந்து விசாரிக்கவில்லை. அதுவே விசாரிப்பதைவிட மோசமாக இருந்தது. நான் வாரம் இருமுறை பஸ்ஸில் வந்து, மெயிலைத் திறந்து, நினைவூட்டல் ஒன்று எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். "மெனக்கெட்டு வராதண்ணே, போன்லயே பாக்கலாம்ல" என்றாள் ஒரு நாள். வரவேண்டாம் என்பதற்கு அதைவிட மரியாதையான சொல் கிடையாது.

அதற்கடுத்த முறை நான் போனபோது வாசலில் அடுத்த தெரு முதலாளியின் வண்டி நின்றது. பாவு சுற்றிய உருளைகளை மாப்பிள்ளையும் இன்னொருவரும் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "வாங்க சார், நல்லாயிருக்கீகளா?" என்றார். தங்கை உள்ளே நூல் முனைகளை முடிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பதில் வந்த அன்று மாப்பிள்ளை ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். வீடு கழுவி விட்டிருந்தது. நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது மெயில் கிடந்தது. தாமதத்துக்கு வருத்தம் எதுவும் இல்லை. அனுப்பிய ஆதாரம் ஏற்கப்பட்டது, புதிய எண் கீழே உள்ளது, அவ்வளவுதான். தங்கையைக் கூப்பிட்டேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவளே எண்களைத் தட்டினாள். சாம்பல் நிறக் கட்டம் போனது. பருத்திக்காய்கள் வரிசையாக வெடித்து நின்றன.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தறியும் முதலாளியின் கிளி போட்ட கரையை ஓட்டிக்கொண்டிருந்தன.

அவள் ஒரு காயின் ஓரத்தில் ஒரே ஒரு கட்டத்தை அழித்து, மறுபடி நிரப்பினாள்.

"பாவு ஏறிருச்சேண்ணே" என்றாள். "அத அறுக்க முடியாது. ஓடி முடியத் தை பெறந்துரும்."

"ஆறுலயுமா?"

"ஆறுலயுந்தான்." சேமித்துவிட்டு மூடினாள். "அந்த மூடிய எங்க வச்ச? பத்திரமா வையி. இனிமே எதையும் தூக்கிப் போட வேணாம்."

அவள் எழுந்து போன பிறகு மெயிலை அச்செடுத்து, வழக்கப்படி மேல் மூலையில் எழுதிக் கோப்பில் வைத்தேன். பதில் பெறப்பட்ட நாள்: கார்த்திகை முதல் தேதி.