மாவுக்கட்டுப் படமும் பூலாம்பாடி விசாரணையும்

வாகன விபத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்கள் உண்மை சொல்கிறார்களா என்று விசாரிப்பது என் வேலை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும்வரை எனக்கு வேலைக்குக் குறைவில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக ஒரு கேஸை எழுதிவைக்கிறேன். இதில் இன்வெஸ்டிகேட்டரும் நான்தான், மாட்டிக்கொண்ட பார்ட்டியும் நான்தான்.

1. தியேட்டர்

ஒரு சனிக்கிழமை மதியம், என் மனைவி செல்வி படத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. சந்தேகம் அங்கேயே பிறந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் யாழினி, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரி லேபில் இருக்கிறாள். லீவு நாளில் சாயங்காலம் வரை தூங்குகிறவள், அன்று எனக்கு முன்னால் செருப்பு மாட்டி நின்றாள்.

படம் வித்தியாசமான காதல் படமாம். சண்டை கிடையாது. ஒரே ஒரு பாட்டு, அதிலும் யாரும் ஆடவில்லை. நாயகியின் ஸ்கூட்டர் இடித்து நாயகனுக்குக் கால் முறிகிறது. அவள் தினமும் பார்க்க வருகிறாள். எலும்பு கூடிவிடுகிறது, அவள் வருவது நின்றுவிடுமே என்று அவன் மாவுக்கட்டைப் பிரிக்காமலே படுத்திருக்கிறான். ஊரே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது காதல் இல்லை ஐயா, மோசடி கிளெய்ம். எக்ஸ்ரே எங்கே? டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே? படத்தில் இதைக் கேட்கிற ஒரே ஆள் நாயகியின் அப்பா. அவரும் எல்லாவற்றையும் மோந்து பார்த்துக்கொண்டே அலைகிறார்.

நான் திரையை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தொழில் புத்தி. பக்கத்து சீட்டில் பாப்கார்ன் பொட்டலத்தோடு இருந்த செல்வி, ஜோக் வருவதற்குச் சற்று முன்பே சிரித்தாள். அதை மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் அதைவிடப் பெரிய தடயம் ஒன்று முன் வரிசையில் கிடைத்துவிட்டது.

யாழினி சிரிக்கும்போதெல்லாம் முன் சீட்டு இளைஞன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ஒரு பெண்ணை அந்நியன் இப்படிப் பார்த்தால் அவள் முறைப்பாள். இவள் முறைக்கவில்லை. அவனைப் பார்க்கவே இல்லை. முன்பின் தெரியாதவனை அவ்வளவு கவனமாக யாரும் பார்க்காமல் இருக்க முடியாது.

இடைவேளையில் செல்வி படம் எப்படி என்று கேட்டாள். அந்த அப்பா கேரக்டர் ரொம்ப ஓவர், எந்த ஊரில் இப்படி ஒரு அப்பன் இருக்கிறான் என்றேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு நான் படமே பார்க்கவில்லை. படம் விட்டதும் பைக் ஸ்டாண்டில் அவன் வண்டியைக் கண்டேன். பின்னால் ஸ்டிக்கர்: கதிர், பூலாம்பாடி.

2. டீக்கடை

தம்பிகளே, விசாரணை டீக்கடையில் தொடங்க வேண்டும். அடுத்த நாளே பூலாம்பாடியில் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கிக்கொண்டு, கதிர் என்ற பையனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். டீ ஆற்றியவர் நல்லதாகவே சொன்னார். சிமெண்ட் ஃபேக்டரி லேப் வேலை, அப்பா கொத்தனார் மேஸ்திரி, பீடி சிகரெட் கிடையாது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். அவங்க வேற ஆளுங்க. அப்பறம் நான் சொல்லலன்னு ஆயிடக் கூடாது."

சாட்சி வாயை மூடிக்கொண்டால் விசாரணை படுத்துவிடும். அவரைப் பேசவைக்க, தொழிலில் வழக்கமாகச் சொல்லும் பொய்களில் ஒன்றைச் சொன்னேன். "தெரியும்ங்க. எங்க வூட்ல அதெல்லாம் பாக்கறதில்ல."

அவர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ரகசிய விசாரணை வெற்றி என்று பைக்கைக் கிளப்பினேன். கல்யாணமாகாத பையனைப் பற்றி வெளியூர்க்காரன் ஒருவன் டீக்கடையில் விசாரித்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது, எத்தனையோ பேருக்கு மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்த எனக்கு உறைக்கவில்லை.

3. வாசல்

அடுத்த ஞாயிறு காலை எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கதிரின் அப்பா, அம்மா. கையில் தட்டு, பூ, பழம், வெற்றிலை பாக்கு. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"பையன் ரெண்டு வருசமா கேக்கறான்ங்க. நாந்தான் வேணாம்டா, பிரச்சினையாயிடும்னு அடக்கி வச்சிருந்தேன். நீங்களே ஊரு தேடி வந்து, அதெல்லாம் பாக்கறதில்லன்னு சொன்னீங்களாம். அதுக்கப்பறமும் நாங்க வராம இருந்தா மரியாதை இல்லீங்க."

வந்தது நான்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் நெளிந்தார். "கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாருன்னு டீக்கடைக்காரர் சொன்னாரு. பையன் அதச் சொன்னதும் உங்க பாப்பா உடனே கண்டுபிடிச்சிடுச்சாம்."

பாப்பா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. அது வெறும் பேச்சு, வாயைக் கிளற ஒரு உபாயம் என்று நான் சொன்னால் போதும். அவர் தட்டோடு திரும்பிவிடுவார். திரும்பிப் பழகியவர் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. என் பங்காளிகள் நிம்மதியாக இருப்பார்கள். யாழினி அந்தக் கதவை விடமாட்டாள்.

வாக்குமூலத்தை மாற்றுகிற ஆசாமிகளை நான் எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறேன். என் வாக்குமூலம் பூலாம்பாடி டீக்கடையில் பதிவாகியிருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பேன் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.

"ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க" என்றேன். தட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்தது. பங்காளிகளில் பாதிப் பேர் வரவில்லை, சாப்பாடு மிச்சமானது. போன வாரம் அந்தப் படத்தின் மிச்சத்தையும் வீட்டு டிவியில் பார்த்தேன். கிளைமாக்ஸில், மாவுக்கட்டு மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்க நாயகியின் அப்பா அவன் வீட்டுக்கே போகிறார். அங்கே அவருக்கு இலை போட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள். படம் அத்தோடு முடிகிறது. பரவாயில்லை, நல்ல படம்தான்.

அப்போதுதான் மனதில் குறித்துவைத்த பழைய தடயம் நினைவுக்கு வந்தது.

"செல்வி, அன்னிக்கி தியேட்டருக்குப் போனப்போ இந்தப் படத்த நீ ஏற்கெனவே பாத்துட்டியா?"

அவள் டிவியை அணைத்தாள். "நீங்கதான விசாரிக்கிறவரு. விசாரிச்சுக்கங்க."

தம்பிகளே, முன் வரிசையை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து சீட்டில் பாப்கார்ன் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பவரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.